பச்சை உடம்பு எத்தனை நாள்?

கேள்வி: எனக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள் ஆகிறது. அம்மா வீட்டில் இருக்கிறேன். "பச்சை உடம்புக்காரி, தண்ணி குடிச்சா வயிறு ஊதிப்போகும்" என்று ஆச்சி ஒரு டம்ளருக்கு மேல் தருவதில்லை. பச்சை உடம்பு என்றால் என்ன? எத்தனை நாளைக்கு?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மாடி, ஆச்சி சொல்கிற சொல் சரிதான். தண்ணீர் விஷயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆறாத புண்ணைப் பச்சைப் புண் என்கிறோம் அல்லவா? பிள்ளை பெற்ற உடம்புக்குள் நிஜமாகவே ஒரு பச்சைப் புண் இருக்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த இடம் அது. பிரசவமானவுடன் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும் கர்ப்பப்பை, சுருங்கி நூறு கிராமுக்கும் கீழே வர ஆறு வாரமாகும். டாக்டர்கள் சொல்லும் 42 நாள் கணக்கு இதுதான். ஆபரேஷன் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதுவரை குடம் தூக்காதே, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யாதே என்று ஆச்சி சொன்னால் கேளுங்கள்.

வயிறு தொளதொளவென்று இருப்பது தண்ணீரால் அல்ல. பத்து மாதம் விரிந்த தசை இன்னும் இறுகவில்லை. சிவகங்கைப் பக்கம் கிராமச் செவிலியராக இருந்தபோது, உதடு காய்ந்து, நீர்க்கடுப்பிலும் மலச்சிக்கலிலும் தவித்த பிள்ளை பெற்ற பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூடுதலாகத்தான் எடுக்கும். எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். பச்சைத் தண்ணீர்தான் ஆச்சிக்குப் பயமென்றால், சீரகம் போட்டுக் காய்ச்சித் தரட்டும்.

பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு எல்லாம் சாப்பிடலாம். கீரை, பழம், முட்டையைப் பத்தியம் என்று தள்ள வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் விடாமல் போட வேண்டும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் எனக்குக் கோபம் வரும். "பச்சை உடம்பு, காய்ச்சல் வரத்தான் செய்யும்" என்று கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்கள். அப்படிக் காத்திருக்கவே கூடாது. காய்ச்சல், நாற்றத்தோடு தீட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, கண் மங்கலோடு தலைவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, வலிப்பு — இதில் எது வந்தாலும், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.