கட்டைகளை இணைத்த அளவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டுமானப் பொம்மைகளின் வரலாற்றை எல்லோரும் லெகோவிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன் குழந்தைகளிடம் இருந்தவை வெறும் மரத்துண்டுகள்தாமா? லெகோ புதிதாகக் கொண்டுவந்தது எது?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அந்த மரத்துண்டுகளுக்குள்ளேயே மிகக் கூர்மையான ஒரு சிந்தனை இருந்தது. மழலையர் கல்விக்கு வித்திட்ட ஜெர்மானியரான ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1830களின் இறுதியில் வடிவமைத்த விளையாட்டுப் பெட்டிகளில் ஒன்று, எட்டுச் சிறு கனசதுரங்களாக வெட்டப்பட்ட ஒரு கனசதுரத்தைக் கொண்டது. அடுத்த பெட்டியில் அதே கனசதுரம் செங்கல் வடிவிலான எட்டுத் துண்டுகளாகப் பிரிந்திருந்தது. எந்தத் துண்டையும் ஒதுக்காமல் கட்ட வேண்டும், ஆடி முடித்தபின் அனைத்தையும் மீண்டும் கனசதுரமாக்கிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. துண்டுகள் ஒன்றுக்கொன்று அளவால் உறவுடையவை என்பதைக் குழந்தையின் கை, பாடமாகக் கேட்காமலே அறிந்துகொண்டது. கட்டுமானப் பொம்மைகளின் வரலாற்றில் தலையாய கண்டுபிடிப்பு இந்த அளவொழுங்கே என்பது என் உறுதியான கருத்து.

பின்வந்தவர்கள் பொருளை மாற்றினார்கள். இந்த ஒழுங்கைக் கைவிடவில்லை. லிலியன்தால் சகோதரர்கள் (இவர்களுள் ஓட்டோ, பின்னாளில் எந்திரமில்லாத மிதவை விமானத்தில் பறந்து காட்டியவர்) மணல், சுண்ணாம்புத்தூள், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து கற்கட்டைகளை உருவாக்கினார்கள். லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்று, பின்னர் மெக்கானோ எனப் பெயரிட்ட பொம்மையில், உலோகப் பட்டைகளின் துளைகள் அரை அங்குல இடைவெளியில் அமைந்திருந்ததால், எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் போல்ட்டால் பிணைக்க முடிந்தது.

லெகோவின் மேற்குமிழ்க் கட்டைகூட முற்றிலும் புதியதன்று. பிரிட்டனின் ஹிலாரி பேஜ் வடிவமைத்த கிட்டிகிராஃப்ட் கட்டைகளைப் பின்பற்றியே அந்த டென்மார்க் நிறுவனம் 1949இல் தன் கட்டைகளைச் செய்தது; பேஜின் பெயர் இன்னும் பரவலாக அறியப்படாதது எனக்கு வருத்தமளிக்கிறது. ஆனால், அடிப்புறம் வெறும் கூடாக இருந்த அக்கட்டைகள் எளிதில் கழன்றன. 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில், உள்ளே குழாய்கள் சேர்க்கப்பட்டன. கீழ்க்கட்டையின் குமிழ்கள் குழாய்களுக்கும் சுவருக்கும் இடையே இறுகி நின்றன. லெகோவின் உண்மையான புதுமை இந்தப் பிடிப்புதான். அதற்கும் துல்லியமான அளவே உயிர் என்பதால், காலப்போக்கில் வடிவம் கோணும் செல்லுலோஸ் அசிடேட் என்ற நெகிழியை விட்டு, 1963இல் ஏபிஎஸ் நெகிழிக்கு மாறத் தொடங்கினார்கள்.