குங்குமப்பூ, இரும்பு மாத்திரை, செம்பட்டை முடி: நிறம் பற்றி வாசகர்கள் கேட்டவை

ஐந்து மாத கர்ப்பமாக இருக்கிறேன். அத்தை தினமும் குங்குமப்பூ போட்ட பால் தருகிறார். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று தடுக்கிறார். உண்மையா?

இல்லை. மாத்திரையை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். குழந்தையின் நிறத்துக்கான மரபணுக்கள் கரு உருவான அன்றே முடிவாகிவிட்டன. தோலுக்குக் கறுப்பு தரும் மெலனினை, குழந்தையின் சொந்த நிறமி செல்கள் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கின்றன. நீங்கள் விழுங்கும் இரும்பு அந்தக் கணக்கில் வராது, குங்குமப்பூவும் வராது. மாத்திரையால் கறுப்பது மலம் மட்டுமே. உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு அப்படி வெளியேறுகிறது. இந்தப் பயமே அதைப் பார்த்துத்தான் கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போனால், கொஞ்சம் அதிகமாக ரத்தம் போனாலும் தாயின் உடம்பு தாங்காது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் அத்தையிடம் விட்டுக்கொடுக்காதீர்கள். பாலைத் தாராளமாகக் குடியுங்கள், ஆனால் மாத்திரையை அந்தப் பாலோடு விழுங்க வேண்டாம். பாலில் உள்ள கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. காபி, டீயும் அப்படித்தான். இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, எலுமிச்சை ஜூஸோடு போட்டுக்கொண்டால் நன்றாகச் சேரும்.

பிறந்தபோது ரோஜா நிறத்தில் இருந்த பேரன் மூன்று மாதத்தில் கறுத்துவிட்டான். குளிப்பாட்டுவதில் ஏதாவது தப்பா?

தப்பே இல்லை. பிறக்கும்போது நிறமி செல்கள் தயார். ஆனால் மெலனின் உற்பத்தி முழுவேகம் எடுக்கச் சில மாதங்கள் ஆகும். இப்போது தெரிவதுதான் அவனுடைய நிறம். கடலைமாவை அழுத்தித் தேய்த்தால் தோல் வறண்டு புண்ணாகும், அவ்வளவுதான்.

நானும் கணவரும் மாநிறம். மூத்தவள் நல்ல சிவப்பு, இளையவள் கறுப்பு. உறவினர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள்.

பேசுகிறவர்களுக்கு மரபியல் தெரியவில்லை. தோல் நிறத்தை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை, பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கின்றன. அவற்றில் பெரிய பங்கு உள்ளது எஸ்.எல்.சி.24.ஏ.5. இதன் வேலை வெளியே வந்த கதை சுவாரசியமானது. வரிக்குதிரை மீனில் வெளிறிய கோடுகள் கொண்ட ஒரு வகை உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கீத் செங் குழுவினர் அந்த வெளிறலுக்குக் காரணமான மரபணுவைப் பிடித்து, அதன் மனித வடிவத்தின் ஆர்.என்.ஏ.வை (மரபணுவின் கட்டளையைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் நகல்) மீன் கருவுக்குள் செலுத்தினார்கள். கோடுகள் கறுத்தன! 2005இல் வந்த ஆய்வு அது. மனிதரில் இந்த மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறினால் தோல் வெளிறும். அந்த மாற்றம் ஐரோப்பியரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. தென்னிந்தியரிலும் ஏராளமானவர்களிடம் இருக்கிறது, ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் 2013இல் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகள் இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உங்கள் இருவரிடமும் ஒரு பிரதியில் மட்டும் அந்த மாற்றம் இருந்தால், ஒரு பிள்ளைக்கு இரண்டும் போகலாம், இன்னொன்றுக்கு எதுவுமே போகாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் வாய்ப்பு நாலில் ஒன்று. இதோடு மற்ற மரபணுக்களும் சேரும்போது அக்கா தங்கை ஒரே நிறத்தில் வந்தால்தான் ஆச்சரியம்.

பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளில் கன்னங்கரேலென்ற குழந்தைகளுக்குப் பொன்னிறத் தலைமுடி இருப்பதைப் படத்தில் பார்த்தேன். வெள்ளைக்காரர் கலப்பா? என் இரண்டு வயது மகனுக்கும் முடி செம்பட்டையாக இருக்கிறது.

கலப்பில்லை. டி.ஒய்.ஆர்.பி.1 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம் அது. இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் முடி பொன்னிறமாகும். 2012இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரின் பொன்னிற முடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மனித இனத்தில் பொன்னிற முடி குறைந்தது இரண்டு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

உங்கள் மகன் விஷயம் வேறு. வெயிலிலேயே விளையாடினாலும் முடி செம்பட்டையாகும். ஆனால் முன்பு கறுப்பாக இருந்து இப்போது வெளுத்து, மெலிந்து, இழுத்தால் கையோடு வருகிறதென்றால் புரதக் குறைபாடு இருக்கலாம். எடை ஏறாமல் இருந்தாலோ, காலில் வீக்கம் தெரிந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயது 22. இளநரை. பிடுங்கினால் அதிகமாகுமா?

ஆகாது. ஒரு வேரைப் பிடுங்கினால் பக்கத்து வேருக்குத் தெரியாது. அதே இடத்தில் மறுபடி நரைமுடிதான் முளைக்கும், அதனால் பிடுங்கியும் பிரயோஜனம் இல்லை. அப்பாவுக்கோ மாமாவுக்கோ சீக்கிரம் நரைத்திருந்தால் பெரும்பாலும் பரம்பரைதான். நரையோடு தொடர்புள்ள ஐ.ஆர்.எஃப்.4 மரபணுவை 2016இல் அடையாளம் கண்டார்கள், மருந்து இன்னும் வரவில்லை. இருந்தாலும் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள், குறிப்பாக நீங்கள் சுத்த சைவம் என்றால். சிகரெட் பழக்கம் இருந்தால் அதுவும் நரையைச் சீக்கிரம் வரவழைக்கும்.