வீதியோரப் பெயர்ப்பலகைகள்: கேள்வி பதில்

வன்னியில் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் நீண்ட காலம் இருப்பவரிடம் பலர் கேட்டவையும் அவர் அளித்த பதில்களும்.

கேள்வி (மாங்குளம், கடை உரிமையாளர்): ஏ9 வீதியோரத்தில் உள்ள எனது உதிரிப்பாகக் கடையின் முகப்பில் 12 அடி நீளப் பலகை உண்டு. இருந்தும் வாகனக்காரர்கள் கடையைத் தாண்டிச் சென்ற பின்பே திரும்பி வருகிறார்கள். இன்னும் பெரிய பலகை வேண்டுமா, ஐயா?

பதில்: நீளத்தைவிட, பலகை பார்க்கும் திசையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வீதிக்குச் சமாந்தரமாக முகப்பில் பூட்டிய பலகை எதிரே நிற்பவருக்கே தெளிவாகத் தெரியும். வவுனியாப் பக்கமிருந்து வருபவரின் கண்ணில் அது ஒடுங்கிய கோடாகவே படும். ஆகவே வீதிக்குக் குறுக்காக, இரு பக்கமும் எழுதிய வேறொரு பலகையை உங்கள் காணி எல்லைக்குள் நிறுத்துங்கள். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 19 மீற்றரைக் கடக்கிறது. 100 மீற்றர் தொலைவிலேயே எழுத்துத் தெரிந்தாலும், வாசித்து, முடிவெடுத்து, வேகத்தைக் குறைக்கச் சாரதிக்குக் கிடைப்பது 5 செக்கன்தான். அமெரிக்க வீதிக் குறியீட்டு விதிகள் ஆங்கில எழுத்துக்கு ஏறத்தாழ 9 மீற்றர் தொலைவுக்கு 2.5 சென்ரிமீற்றர் உயரம் என்று கணக்கிடுகின்றன. அதன்படி 100 மீற்றருக்கு 28 சென்ரிமீற்றர் வரும். சுழியும் வளைவும் கூடிய நம் எழுத்துக்கு நான் 35 வைப்பேன். அந்த அளவில் இரண்டு சொல்லுக்கு மேல் இடமிராது. "வாகன உதிரிப்பாகம்" என்பது போதும். கடையின் பெயர், தொலைபேசி எண்கள், பொருட்பட்டியல் எல்லாம் பழைய பலகையிலேயே இருக்கட்டும்.

கேள்வி (கிளிநொச்சி, அச்சக ஊழியர்): மும்மொழிப் பலகையில் மூன்று மொழிக்கும் கணினியில் ஒரே எழுத்தளவு கொடுத்தும் தமிழ் வரி சிறுத்துத் தெரிவது ஏன்?

பதில்: கணினி சொல்லும் அளவு எழுத்தைச் சுற்றியுள்ள பெட்டியின் அளவே; அதற்குள் எழுத்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். அச்செடுத்து "க" எழுத்தின் உயரத்தை அடிமட்டம் வைத்து அளந்து, ஆங்கிலத்தின் பெரிய எழுத்தோடு சமப்படுத்துங்கள். இதைவிடப் பெரிய கேடு, நீண்ட தமிழ்ச் சொல்லை இடத்துக்குள் அடக்குவதற்காகப் பக்கவாட்டில் நசுக்குவது. அப்போது "ண", "ஞ" போன்றவற்றின் உள்வெளி அடைபட்டு, தூரத்தில் கறுப்புத் திட்டாகிவிடும். மிகத் தடித்த எழுத்துருவிலும் இதுவே நேரும். சொல்லைக் குறையுங்கள் அல்லது இரண்டு வரியாக்குங்கள். வரிகளுக்கிடையே தாராளமாக வெளி விடுங்கள். இல்லையேல் மேல்வரியின் உகரக் குறி கீழ்வரியின் புள்ளியிலே முட்டும். நிழல், இரட்டைக் கரை முதலிய அலங்காரங்களைத் திருவிழாப் பதாகையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி (முல்லைத்தீவு): பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து நன்றாக இருக்குமா?

பதில்: இராது. அவை நிறத்தில் வேறுபட்டாலும் வெளிச்ச அளவில் நெருங்கியவை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும், குறிப்பாக ஆண்களில், உள்ளனர். மஞ்சளில் கறுப்பு அல்லது கடும் நீலத்தில் வெள்ளை எழுதுங்கள்.

கேள்வி (கிராம அபிவிருத்திச் சங்க உறுப்பினர்): எங்கள் குளத்தில் ஆழமான இடமொன்று உண்டு. "இவ்விடத்தில் நீராடுவது உயிராபத்தை விளைவிக்கக்கூடியதாகையால் தவிர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று எழுதினோம். ஒருவரும் கவனிப்பதில்லை.

பதில்: யாரும் அதை முடிவுவரை வாசித்திருக்க மாட்டார்கள். மிதிவெடி கிடந்த காணிகளின் ஓரத்தில் நின்ற சிவப்புப் பலகைகளை நினைத்துப் பாருங்கள்; மண்டையோட்டுப் படம் முதலில் கண்ணில் பட்டது, எழுத்து அதன் பின்பே வந்தது. எழுத்தறியாத சிறுபிள்ளைக்கும் அது விளங்கியது. நீங்களும் மூழ்கும் மனிதனின் படத்தைப் பெரிதாக வரைந்து, கீழே "ஆழம். குளிக்க வேண்டாம்." என்று தமிழிலும், வெளியூரார் வருவதால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். குளக்கட்டில் ஏறும் இடத்தில் ஒன்றும், தண்ணீரில் இறங்கும் இடத்தில் ஒன்றும் வேண்டும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): யானை கடக்கும் இடத்தில் வைத்த பலகை இரவில் தெரிவதில்லை. மின்விளக்கு அவசியமா?

பதில்: வேண்டியதில்லை. வீதிக் குறியீடுகளுக்குப் பயன்படும் ஒளிதெறிக்கும் ஸ்ரிக்கர், நுண்ணிய கண்ணாடி மணிகளாலோ பட்டகங்களாலோ வாகன விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், சாரதிக்கு அது பளிச்சென்று தெரியும். சாதாரண மினுக்கப் பெயின்ற் அப்படிச் செய்யாது. பகலிலும் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். பலகையை மிக உயரத்தில் வைத்தால் தாழ்த்திய விளக்கொளி போதிய அளவு அதில் விழாது. கிரவல் வீதியாயின் புழுதி படிந்து ஸ்ரிக்கரின் வேலை கெட்டுவிடும். கோடையில் ஈரத்துணியால் அடிக்கடி துடைப்பதற்கு அருகிலுள்ள வீட்டாரைக் கேட்டு வையுங்கள்.