ஐபிஏவுக்குப் பின் ஒயின் சுவைக்காதது பற்றி

விடுமுறையின் முதல் மாலையில் ஐபிஏ எனும் கசப்பு மிகுந்த பியருக்குப் பின் அருந்திய வெள்ளை ஒயின் வெறும் தண்ணீர்போல் இருந்ததாகவும், காரமான உணவுடன் சிவப்பு ஒயின் தொண்டையை எரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். குறை ஒயினில் இல்லை, அருந்திய வரிசையிலும் உணவோடு சேர்த்த விதத்திலும்தான் என்று கருதுகிறேன். பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு நாவில் நெடுநேரம் தங்குவதால், கோதுமை பியர், லாகர் போன்ற மென்மையானவற்றை முதலில் சுவைத்து, ஐபிஏவையும் ஸ்டவுட் எனும் அடர்கருநிற பியரையும் இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒயினுக்கென வேறொரு நாளையே ஒதுக்குவது இன்னும் நல்லது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும் என்பதால், காரத்துடன் சற்றே இனிப்பான, ஆல்கஹால் குறைந்த ரீஸ்லிங் எனும் வெள்ளை ஒயின் வகை பொருந்தும். சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்துப் பரிமாறுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆல்கஹாலின் நெடியே முந்தும். ஒவ்வொன்றிலும் 50 மில்லிலிட்டர் போதும், இடையிடையே தண்ணீர் அருந்துங்கள்.