கோட்டைப் பக்கம் வீடு: மாடியில் சோலார் போடலாமா?

கேள்வி: வேலூர் கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு, பழைய மெட்ராஸ் டெரஸ். கரண்ட் இணைப்பு காலஞ்சென்ற அப்பா பெயரில் இருக்கிறது. கீழே துணி காயப்போட இடம் விட்டு, 8 அடி உயரத்தில் 3 கிலோவாட் சோலார் போட நினைக்கிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: மின்வாரியத்தில் பெரிய சிக்கல் வராது. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்பது 2024 முதல் விதி. ஆனால் இணைப்பை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கையில் இருக்கட்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் 78,000 ரூபாய் மத்திய மானியம் அங்கேயே நின்றுவிடும்.

உங்களுக்கு உண்மையான கேள்வி கோட்டைதான். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 2010 சட்டத் திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் தரப்படும் அனுமதி வேண்டும். மதிலிலிருந்து டேப் பிடித்து அளக்காதீர்கள். துறையின் வரைபடத்தில் உள்ள பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்துதான் கணக்கு. இருக்கிற கட்டடத்தின் மேல் உயர்த்திச் சேர்ப்பதும் சட்டத்தின் பார்வையில் கட்டுமானமே. 8 அடிக் கம்பம் நட்டால், மாடியில் கொட்டகை போட்டதாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தாழ்வான அமைப்பாக இருந்தாலும், தொல்லியல் துறைக்குப் படத்துடன் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் அந்த உயரம் உங்கள் வீட்டுக்கு ஆகாது. 540 வாட் பேனல் ஆறு என்றால் 160 சதுர அடிக்கு மேல். உயரத்தில் நின்றால், காற்று அடியில் புகுந்து, தூக்கிப் பிடித்த முறத்தைப் போல் மேலே இழுக்கும். தளத்தில் துளை போட்டு இறுக்கும் ஆங்கர் போல்ட் பிடிக்க மெட்ராஸ் டெரஸில் சிமென்ட் கான்கிரீட்டே இல்லை. மரக்கட்டைமேல் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். துளை போட்டால் பிடிமானமும் இராது, அடுத்த மழைக்கு ஒழுகும். எனவே சுமை தாங்கும் சுவர்களுக்கு நேர் மேலே கான்கிரீட் பீடம் வைத்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) போடச் சொல்லுங்கள். தெற்கு நோக்கி 12, 13 டிகிரி சாய்வு போதும். தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே பேனல் வந்தால் நிழல் தொல்லை குறையும். வடக்கே மிஞ்சும் இடத்தில் துணிக்குக் கொடி கட்டிக்கொள்ளலாம்.