மருத்துவர் பதில்: மீல் மேக்கர், பலாக்காய், மதமதக்கும் பாதம்

கேள்வி: வயது 56. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். நானும் மனைவியும் கறி, மீன், முட்டையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பதிலுக்கு மீல் மேக்கரும் பலாக்காயும்தான். எதில் சத்து அதிகம்? சோயா ஆண்மையைக் குறைக்கும், நரம்பைக் கெடுக்கும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். சில மாதமாகப் பாதம் மதமதக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு நரம்புச் சத்து மாத்திரை போடுகிறேன்.
– வாசகர், பண்ருட்டி

பதில்: பாதம் மதமதப்பதைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோயா நரம்பைக் கெடுக்காது. என் சந்தேகம் வைட்டமின் பி12 குறைவின் மேல். கறி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் அது நமக்குக் கிடைக்கிறது. மீல் மேக்கரிலும் இல்லை, பலாக்காயிலும் இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் கறியை விட்டதும் ஒன்றும் தெரியாது; வருடக்கணக்கில் கழித்துத்தான் காட்டும். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு, குடல் பி12-ஐ உறிஞ்சுவதும் குறையும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை ஏறினால் அதே பாதம் இன்னும் கெடும்.

சர்க்கரையாலும் இதே மதமதப்பு வரும். எதனால் என்று பரிசோதிக்காமல் நானும் சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது. பி12, ரத்த அணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை அளவு மூன்றையும் பாருங்கள். இருட்டில் தடுமாறுகிறதா, முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடுகிறதா, செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். பி12 குறைவை ஆரம்பத்தில் பிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ பெருமளவு மீட்கலாம். தள்ளிப்போட்டால் கெட்ட நரம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

நரம்புச் சத்து மாத்திரை என்ற பெயரில் பல கலவைகள் விற்கிறார்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் இருந்தால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே பாதத்தை மரத்துப்போக வைக்கும். பி12 இருந்தால் பரிசோதனை முடிவு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். கேட்டதும் எடுத்துக் கொடுப்பதும், வாங்கி விழுங்குவதும் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. இனி போடாதீர்கள். அட்டையை மட்டும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உலர்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம். எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது அது. ஆனால் ஒருவருக்கு 30 கிராம் போட்டாலே ஊறிப் பெருகி ஒரு கிண்ணம் ஆகிவிடும். அதில் கிடைப்பது 15 கிராம். பலாக்காயில் 100 கிராமுக்கு 2, 3 கிராம்தான். மசாலா போட்டு வதக்கினால் கறி மாதிரி நார் நாராக வரும், ஆனாலும் அது காய். நார்ச்சத்துக்கும் பொட்டாசியத்துக்கும் நல்லது. பண்ருட்டிக்காரரைப் பலாக்காய் வேண்டாம் என்று சொல்வேனா? அன்றைக்குப் பருப்போ சுண்டலோ சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், பொட்டாசியம் ஏறும் என்பதால், கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

ஆண்மைப் பயம் தேவையில்லை. ஆண்களிடம் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சோயாவால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை.

உங்கள் மனைவியும் மூன்று வருடமாக இதே சாப்பாடுதான் சாப்பிடுகிறார். அவருக்கும் பி12 பாருங்கள்.