பெரியாஸ்பத்திரியா, சென்னை ஜி.எச்.சா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். நீட் ரேங்கைப் பார்த்தால் மதுரை மருத்துவக் கல்லூரி கிடைத்துவிடும், சென்னை மருத்துவக் கல்லூரியும் கிடைக்கக்கூடும் என்கிறார்கள். அவள் சென்னை என்கிறாள். விசைப்படகில் கடலுக்குப் போகும் அவள் அப்பா, "கிட்ட இருந்தா ஒண்ணுன்னா ஓடிப் போயிரலாம், மதுரையே போதும்" என்கிறார். சென்னையை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால் மதுரையும் கைவிட்டுப் போகும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இரண்டு நாளில் வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். என்ன செய்வது?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: பக்கத்து வீட்டுப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள் அம்மா. கவுன்சலிங்கில் ரேங்க் வரிசைப்படிதான் ஒவ்வொருவரின் பட்டியலையும் எடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் மகளின் முறை வரும்போது முதல் சாய்ஸில் இடம் இருந்தால் அது, இல்லையென்றால் இரண்டாவது. சென்னையை முதலில் எழுதியதற்காக மதுரை இடம் வேறு யாருக்கும் போய்விடாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பயந்துபோய் மதுரையை முதலில் போட்டு, அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே எழுதிய சென்னையை அந்தச் சுற்றில் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே "எது கிடைக்கும்" என்று யோசித்து வரிசை போடாதீர்கள். இரண்டும் கையில் கொடுத்தால் எதை எடுப்பீர்களோ, அதுதான் முதல் வரி.

இனி கல்லூரிகள். சென்னைக் கல்லூரி 1835-லிருந்து வருவது. மதுரைக் கல்லூரி 1954-ல் தொடங்கியது. இரண்டிலும் ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள். இரண்டுமே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவை என்பதால் பாடத்திட்டம், வினாத்தாள், பட்டம் எல்லாம் ஒன்றே. முதுநிலை நீட்டிலோ, அரசு மருத்துவர் வேலைக்கான தேர்விலோ கல்லூரியின் பெயருக்கு மதிப்பெண் கிடையாது. எம்.பி.பி.எஸ். மாணவிக்கு வேண்டியது அன்றாடம் வரும் நோய்கள் ஏராளமாகக் கண்ணில் படுவது. அதற்கு மதுரைக் கல்லூரியோடு சேர்ந்த பெரியாஸ்பத்திரியிலும் குறைவில்லை, சென்னைக் கல்லூரியோடு சேர்ந்த ஜி.எச்.சிலும் குறைவில்லை. சென்னையில் மகப்பேறு, குழந்தைகள், கண் ஆகிய துறைகள் எழும்பூரில் தனித்தனி மருத்துவமனைகளாக இருப்பதால் அந்தத் துறைகளின் போஸ்டிங்குகளுக்கு (வார்டுப் பயிற்சிக்கு) அங்கே போய்வர வேண்டும். அது பெரிய சிரமமில்லை. இரண்டு இடத்திலும் முதுநிலை மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால், தையல் போடுவதும் ஊசி ஏற்றுவதும் தானாகக் கைக்கு வராது. ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, இருக்கும் கடைசி ஓராண்டில் கேட்டு நின்று கற்றுக்கொள்கிறவருக்குத்தான் வரும்.

படிப்பில் இரண்டும் சமம் என்றால், மிச்சமிருப்பது உங்கள் கணவர் சொன்ன "கிட்ட". தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சென்னை என்றால் இராமேசுவரத்திலிருந்து போட் மெயிலோ சேது எக்ஸ்பிரஸோ, ஓர் இரவு முழுக்க. முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. பொங்கல், தீபாவளி நாட்களில் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் பஸ்தான். தென்மாவட்ட அரசு பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து கிளம்புகின்றன. கல்லூரி இருக்கும் சென்ட்ரல் பக்கமிருந்து அங்கே போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது தூரத்தின் விலை. பக்கத்தில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இராமநாதபுரத்தில் பார்க்க முடியாதவர்களை அனுப்பும் இடம் மதுரைப் பெரியாஸ்பத்திரி. உங்கள் மகள் அங்கே படிக்கிறாள் என்று தெரிந்தால், மாமா, சித்தப்பா, தெருக்காரர் என்று யார் அங்கே வந்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும். ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க, டாக்டரிடம் கேட்டுச் சொல்ல, ரத்தம் கொடுக்க ஆள் தேட. முதலாண்டு மாணவிக்கு வார்டில் எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் மறுக்கவும் வாய் வராது. போதாததற்குக் காதுகுத்து, கல்யாணம், மாதா கோயில் கொடியேற்றம். மருத்துவக் கல்லூரியில் சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. எழுத்துப் பாடத்தில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறினால் முதல் அடி விழுவது உடற்கூறியல் செய்முறை வகுப்பில்தான்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அந்த முதலாண்டுதான் மலை. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் ஆங்கிலத்தில். வைவாவிலும் (வாய்மொழித் தேர்விலும்) ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அறிவு குறைந்து தோற்பவர்கள் குறைவு. தெரிந்ததைச் சொல்ல வார்த்தை வராமல், கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் சரிந்ததும் மனம் விட்டுவிடுகிறவர்களே அதிகம். தினமும் பத்துப் பக்கம் வாய்விட்டு வாசிப்பது, அறைத்தோழியிடம் ஒரு தலைப்பை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுவது, இதை முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். இந்த மலை மதுரையிலும் அதே உயரம்தான்.

எங்களைக் கேட்டால், சென்னை முதலில், மதுரை இரண்டாவது. கல்லூரியின் பெயருக்காக இதைச் சொல்லவில்லை. ஐந்தரை வருடம் அங்கே இருக்கப் போகிறவள் அவள். அவள் விருப்பத்தைத் தள்ளிவைக்கும் அளவுக்கு மதுரையில் கூடுதலாக எதுவும் இல்லை. கணவரின் கவலை நியாயமானது. அதற்கு வழி, சென்னையில் ஹாஸ்டலுக்கு உடனே வரக்கூடிய ஒரு சொந்தக்காரரையோ ஊர்க்காரரையோ பாதுகாவலராக எழுதிக் கொடுப்பது. மதுரைதான் கிடைக்கிறது என்றால், பெரியாஸ்பத்திரிக்கு வரும் உறவினர்கள் அவளை அழைக்கக் கூடாது என்று நீங்களே இப்போதே சொல்லிவிடுங்கள். அவளால் அதைச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. கவுன்சலிங் பதிவில் யார் போன் நம்பர் கொடுத்திருக்கிறீர்கள்? கணவர் நம்பர் என்றால், அவர் படகேறிய நாளில் ஓ.டி.பி. கடலில் கிடக்கும். இனி மாற்ற முடியாவிட்டால், வரிசையை உறுதிசெய்து லாக் செய்யும் நாளிலும், முடிவு வரும் நாளிலும் அந்த சிம் கரையில் இருக்கட்டும். லாக் செய்தபின் வரிசையை மாற்ற முடியாது. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு முதல் சுற்றில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்திருக்கிறது. பழைய கல்லூரிதான் நல்லது, திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ மாற முயற்சி செய் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இங்கேயே என்றால் வீட்டிலிருந்து போய்வருவான்.
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: மாற்றம் கேட்டு அது கிடைத்துவிட்டால் கையிலிருக்கும் இடம் அந்த நொடியே போய்விடும், "வேண்டாம், பழையதே போதும்" என்று திரும்ப முடியாது. எனவே இராமநாதபுரத்தை விட நிச்சயமாக மேல் என்று நீங்கள் நம்பும் கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். இடத்தை நிரப்புவதற்காக எதையும் எழுதாதீர்கள். அந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டில் எந்தச் சுற்றுவரை அபராதமின்றி விலகலாம் என்பதையும் படித்துவிடுங்கள். இது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

இராமநாதபுரம் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, 100 இடங்கள். ஆண்டுக்கு 100 பேர் என்றால் ஆசிரியருக்கு மாணவனின் முகம் தெரியும், கட்டிலருகே நிற்கும் குழு சிறியதாக இருக்கும். திருக்கை முள் குத்தியவர், பாம்பு கடித்தவர், பிரசவம், சர்க்கரை நோயில் காலில் புண் வந்தவர் என்று ஓர் அடிப்படை மருத்துவர் கற்க வேண்டியதெல்லாம் அங்கே வரும். குறை என்னவென்றால், சிக்கலான நோயாளிகளை மதுரைக்கு அனுப்பிவிடுவதால் உயர்சிறப்புத் துறைகளை அருகிலிருந்து பார்ப்பது குறையும். 1965-ல் தொடங்கிய திருநெல்வேலிக் கல்லூரியில் அது அதிகம். அதற்காக மட்டும் என்றால் திருநெல்வேலியை எழுதலாம். தூத்துக்குடிக்காக மாறும் அளவுக்கு வித்தியாசம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இராமநாதபுரத்திலேயே இருந்தாலும் வீட்டிலிருந்து போய்வர வேண்டாம். பஸ் பயணம் குறைவுதான், களைப்பும் அதிகமில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஹாஸ்டலில் நாலு பேர் உட்கார்ந்து எலும்பைக் கையில் வைத்துப் படிப்பது வீட்டில் நடக்காது. சீனியர்களின் குறிப்பேடுகளும் பழைய வினாத்தாள்களும் அங்கேதான் கைமாறும். முதலாண்டாவது ஹாஸ்டலில் விடுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கையில் எதற்கெல்லாம் பணம் வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு மீனவர், மண்டபம்

பதில்: கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. யாராவது கட்டச் சொன்னால், ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டிக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். உங்கள் கையிலிருந்து போவது பயணச் செலவு, இரண்டு வெள்ளைக் கோட்டு, அறுவைக் கருவிப் பெட்டி, புத்தகம் ஆகியவை. புத்தகங்களைப் புதிதாக வாங்காதீர்கள். எலும்புத் தொகுப்பும் புத்தகமும் சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஸ்டெதஸ்கோப் முதல் நாளே தேவைப்படாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நிற்கும். பரீட்சைக் கட்டணமோ ஊர்ப் பயணமோ அந்த மாதங்களில் வந்து நிற்கலாம் என்பதால், மார்ச் மாதமே ஒரு தொகையை மகளின் கணக்கில் போட்டுவையுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சேரும் முன்பே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் ஐந்து நகல் எடுத்து, ஒரு கட்டு வீட்டிலும் ஒரு கட்டு மகளிடமும் இருக்கட்டும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது மறுபடியும் கேட்பார்கள்.